கம்பி வலை மூடி

கிளேபாங் கடற்கரையில் பழைய கொப்பரைக் கிடங்கு ஒன்று பூட்டிக் கிடந்தது. நைனா முகம்மது அதை வாங்கி, கூரையை மாற்றி, சிமெண்டுத் தரை போட்டு, உள்ளே ஒரே ஒரு மிஷினைக் கொண்டுவந்து நிறுத்தினார். மலாக்கா ஆற்றோரத்தில் அவருக்குத் தகப்பனார் காலத்துக் கயிற்றுக் கடை உண்டு. நார்க் கயிறும் பருத்தி வலையும் உப்புத் தண்ணீரில் மக்கிப்போவதைச் சிறு வயதிலிருந்து பார்த்தவர். டெரிலின் என்று ஒரு நூல் வந்திருக்கிறது, கடலில் கிடந்தாலும் மக்காது என்று சிங்கப்பூரில் கேள்விப்பட்டு, ஊரே சிரித்தும் கேட்காமல் அந்த மிஷினை வாங்கினார்.

இருசம்மாள் அங்கே வேலைக்குச் சேர்ந்தபோது நாட்டுக்கு மெர்டேக்கா என்ற சுதந்திரம் வந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. காட்டுக் கம்யூனிஸ்டுகளை அடக்கப் போட்ட அவசரகாலம் மட்டும் போகவில்லை. அவளுடைய புருஷன் தங்கையா அப்போதும் ஜொகூர்ப் பக்கத்துத் தடுப்பு முகாமில் இருந்தான். லூபோக் சீனாவுக்குப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் இருவரும் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்த காலத்தில், காட்டுக்காரர்களுக்கு அரிசி கொடுத்தான் என்று அவனைப் பிடித்துப் போனார்கள். வழக்கு இல்லை, விசாரணை இல்லை. ஆறு வருஷம் ஓடிவிட்டது. அவன் தங்கை குஞ்சம்மா அப்போது பாவாடை கட்டிய பெண். அவளையும் கூட்டிக்கொண்டு இருசம்மாள் மலாக்கா டவுனுக்கு வந்து, தெங்கேராவில் ஓர் அறை எடுத்து, பாத்திரம் தேய்த்து, துணி வெளுத்துப் பிழைத்தாள். நூல் ஆலை திறந்ததும் இரண்டு பேரும் அங்கே சேர்ந்தார்கள்.

நைனா முகம்மது நல்ல மனுஷர். இருசம்மாளின் கதையைக் கேட்டுவிட்டு, அவரே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார். தங்கையாவை வெளியே விட்டால் அவனுக்கு வேலை கொடுப்பேன், அவன் நடத்தைக்கு நான் பொறுப்பு என்று கையெழுத்துப் போட்டார். அந்தக் கையெழுத்தில்தான் தங்கையா வெளியே வந்தான். முடி நரைத்து, பல் ஒன்று போய், காக்கி உடுப்பைக் கண்டால் சாலையின் மறுபக்கம் போய்விடுகிறவனாக வந்தான். ஆற்றோரக் கடையில் கயிற்றுக் கட்டு சுமக்கும் வேலை கிடைத்தது. வாரம் ஒரு நாள் ஸ்டேஷனில் போய் நிற்க வேண்டும். டவுனை விட்டு வெளியே போகக் கூடாது.

நூல் ஆலையில் மிஷினுக்குப் பொறுப்பு சாமிநாதன். சிங்கப்பூரில் வேலை பழகி வந்தவன். பெண்களுக்கு வேலையைச் சொல்லிக் கொடுத்தவனும் அவன்தான்.

பெட்டி பெட்டியாக வரும் பதப்படாத நூலை அங்கே எல்லாரும் பச்சை நூல் என்றார்கள். கையால் இழுத்தால் அது நீண்டுகொண்டே போகும். விட்டால் திரும்பாது. அப்படியே தொய்ந்து கிடக்கும். அதில் ஒரு பொத்தான்கூடத் தைக்க முடியாது. மிஷினில் முன்னால் இருக்கும் உருளை மெதுவாகச் சுற்றி நூலை உள்ளே விடும். அடுத்த உருளை அதைவிட நாலு மடங்கு வேகத்தில் சுற்றி இழுக்கும். நடுவில் சூடான ஒரு கம்பி. அதைத் தொட்டுப் போகும் இடத்தில் நூல் சட்டென்று மெலிந்து, முடியைப் போல மினுங்கும். அதன் பிறகு நீளமான சூட்டுத் தகட்டின் மேல் விறைப்பாக ஓடிப் போய்க் கண்டில் சுற்றிக்கொள்ளும். தகட்டின் அனல் முகத்தில் அடிக்கும். நூலில் தடவியிருக்கும் எண்ணெய் கருகும் வாடை சாயங்காலம் குளித்த பிறகும் தலைமுடியில் இருக்கும்.

"இழுத்தாத்தான் பலம்" என்று சாமிநாதன் சொல்வான். "ஆனா இழுத்தது மட்டும் போதாது. சூட்டுல பிடிச்சு நிறுத்தணும். இல்லாட்டி வெயில்ல போட்டதும் சுருங்கிரும்."

அப்படி வெளியே வந்த நூலைக் கையால் அறுக்கப் பார்த்தால் விரல்தான் வெட்டுப்படும். சுங்கை ரம்பாய் வரை மீன்காரர்கள் கேட்டு வாங்கினார்கள்.

மிஷினை இடையில் நிறுத்த முடியாது என்பதுதான் அதில் இருந்த ஒரே சூசா, ஒரே தொல்லை. நிறுத்தினால், தகட்டின் மேல் நிற்கிற இழையெல்லாம் உருகி ஒட்டிக்கொள்ளும். அதைச் சுரண்டி எடுத்து, இழை இழையாக மறுபடி கோத்து ஓட்டுவதற்குள் அரை நாள் போய்விடும். ஆனால் இழை அறுந்தபடிதான் இருக்கும். அறுந்த முனை வேக உருளையில் சுற்றிக்கொள்ளும். கொக்கிக் கத்தியால் அதைக் கீறி எடுக்க வேண்டும். உருளைக்கு மேலே கம்பி வலையில் ஒரு மூடி இருந்தது. அதைக் கழற்றி மாட்டுவதற்குள் சுற்று தடித்துப் பக்கத்து இழைகளையும் இழுத்துவிடும். ஆகவே சாமிநாதன் மூடியைக் கழற்றிப் பெட்டிகளுக்குப் பின்னால் சாத்திவைத்தான். முதலாளி வந்து பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

மாதக்கணக்கில் அது அங்கேயே இருந்தது. பெண்கள் ஓடுகிற உருளையில் கத்தி வைத்துக் கீறப் பழகிக்கொண்டார்கள். குஞ்சம்மாவுக்குக் கை சுறுசுறுப்பு. சுற்று விழுந்தால் எல்லாரும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். அந்த வருஷம் மஸ்ஜித் தானாவில் லாரி ஓட்டும் ஒருவனுக்கு அவளைப் பேசி முடித்திருந்தார்கள். தைப்பூசம் கழித்துக் கல்யாணம் என்று இருந்தது.

மழை பிடித்துக்கொண்ட ஒரு காலை. காற்று ஈரமாக இருந்ததாலோ என்னவோ, இழை அதிகமாக அறுந்தது. இருசம்மாள் மிஷினின் கடைக்கோடியில் கண்டு மாற்றிக்கொண்டிருந்தாள். குஞ்சம்மா உருளைப் பக்கம் குனிந்து கீறிக்கொண்டிருந்தாள். சாமிநாதன் வாசலில் லாரிக்காரனோடு பேசிக்கொண்டு நின்றான்.

"அண்ணி" என்று குஞ்சம்மா கூப்பிட்டாள். சத்தமாகக்கூட இல்லை. இருசம்மாள் நிமிர்ந்து பார்த்தபோது குஞ்சம்மாவின் வலது கை மணிக்கட்டு வரை உருளைக்குள் இருந்தது. கத்தி நழுவி, இழைகள் விரலில் வளையம் போட்டு இழுத்துவிட்டிருந்தன. பருத்தி நூலாக இருந்தால் அறுந்து கையை விட்டிருக்கும். அறுந்துபோகாத நூல் செய்வதற்குத்தான் அந்த மிஷினே. இருசம்மாள் ஓடிப் போய் சுவிட்சை அடித்தாள். உருளை நிற்பதற்குள் கை இன்னும் கொஞ்சம் உள்ளே போயிற்று. தகட்டின் மேல் இழைகள் உருகிப் புகைந்தன. அந்தப் புகைக்குள் நின்று, அவளும் சாமிநாதனும் குஞ்சம்மாவின் விரல்களைச் சுற்றியிருந்த நூலை ஒவ்வொன்றாக வெட்டினார்கள்.

ஆஸ்பத்திரியில் மணிக்கட்டுக்கு மேலே கையை எடுத்துவிட்டார்கள்.

மறுநாள் இருசம்மாள் ஆலைக்குப் போனபோது உருளைக்கு மேலே கம்பி வலை மூடி மாட்டியிருந்தது. புதுத் திருகாணி போட்டு இறுக்கியிருந்தார்கள். பெண்கள் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. நைனா முகம்மது அவளைத் தனியாகக் கூப்பிட்டார். முக்காலியில் உட்காரச் சொன்னார். அவர் கண்ணும் சிவந்துதான் இருந்தது.

"அந்தப் பொண்ணு என் மக மாதிரிம்மா. ஆஸ்பத்திரிச் செலவு, சாப்பாடு, எல்லாம் நான் பார்த்துக்கிறேன். யாரும் சொல்லி இல்ல. அல்லாவுக்காகச் செய்றேன்."

"சரிங்க முதலாளி."

"லேபர் ஆபீஸ்லேர்ந்து வருவாங்க. மூடி இல்லாம ஓட்டினோம்னு தெரிஞ்சா ஆலையை மூடிருவாங்க. இத்தனை பேர் சோறும் போச்சு. மூடி இருந்துச்சு, அவளே கழட்டிட்டுக் கைய விட்டான்னு நீ சொல்லணும். பக்கத்துல இருந்தது நீ ஒருத்திதான்."

இருசம்மாள் முக்காலியிலிருந்து எழுந்தாள்.

"தங்கையா இப்ப நல்லா இருக்காரில்ல? ராத்திரி தூங்குறாரா?" என்று அவர் கேட்டார். "ஆலை மூடிட்டா நான் என்ன முதலாளிம்மா? நான் போட்ட கையெழுத்துக்கு ஸ்டேஷன்ல என்ன மதிப்பு இருக்கும்? அதையும் நீ யோசிச்சுக்க."

அதில் மிரட்டல் இல்லை. உண்மையிலேயே கவலைப்பட்டுத்தான் கேட்டார். அதுதான் அவளுக்கு மிரட்டலைவிடக் கனமாக இருந்தது.

ஆலைக்கு வந்த லேபர் ஆபீசர் ஒரு வெள்ளைக்காரர். கூட ஆபீஸ் குமாஸ்தாவான ஒரு தமிழ்க் கிராணி மொழிபெயர்க்க வந்தார். மூடி இருந்ததா என்று கேட்டார். இருந்தது என்று இருசம்மாள் சொன்னாள். யார் கழற்றியது என்று கேட்டார். இருசம்மாள் தரையைப் பார்த்தாள். தகட்டிலிருந்து சுரண்டிப் போட்ட கருகல் இன்னும் பெருக்கப்படாமல் மூலையில் கிடந்தது.

"குஞ்சம்மாதாங்க" என்றாள்.

சாமிநாதனும் அதையே சொன்னான். குஞ்சம்மா ஆஸ்பத்திரிக் கட்டிலில் வேறு மாதிரி சொல்லியிருந்தாள். ஆனால் அவள் பேச்சு வலியிலும் மருந்து மயக்கத்திலும் சொன்ன பேச்சு என்று ஆயிற்று. மூடியைத் தானே கழற்றியவளுக்கு நஷ்டஈடு கிடைக்காது என்று கிராணி போகிறபோது சொன்னார். அந்த வாரக் கடைசியில் மஸ்ஜித் தானாவிலிருந்து மாப்பிள்ளையின் தாயார் வந்து, குஞ்சம்மாவைப் பார்த்து அழுது, ஆரஞ்சுப் பழம் கொடுத்துவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு அங்கிருந்து யாரும் வரவில்லை.

தங்கையா ஆஸ்பத்திரிக்குப் போய்த் தங்கையைப் பார்த்துவிட்டு வந்த சாயங்காலம், அறையின் நடுவில் நின்றான். சட்டையைக்கூடக் கழற்றவில்லை.

"மூடி இருந்துச்சா புள்ள?" என்று கேட்டான்.

இருசம்மாள் அடுப்பில் சோறு வைத்திருந்தாள். திரும்பவில்லை. "இல்ல."

"அப்ப ஏன் இருந்துச்சுன்னு சொன்னே?"

"உங்களுக்காகத்தான். முதலாளி கையெழுத்தை எடுத்துட்டா உங்களைத் திரும்பக் கொண்டுபோயிருவாங்க."

தங்கையா சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். முகாமைப் பற்றி அவன் அதுவரை வாய் திறந்ததில்லை. அன்றைக்குத்தான் சொன்னான்.

"என்னை எப்படிப் பிடிச்சாங்கன்னு உனக்குத் தெரியாதில்ல? தோட்டத்துல நம்ம லயத்து வரிசையில கடைசி வீட்டுப் பிச்சைமுத்து. நான் வேலிக்கிட்ட அரிசி மூட்டை வச்சதைப் பார்த்தேன்னு சொன்னான். அவன் பார்க்கல. நான் வைக்கவே இல்லையே, எப்படிப் பார்ப்பான். போலீஸ்ல அவனைக் கூட்டிட்டுப் போய், யார் பேராவது சொல்லு, இல்லாட்டி உன் பிள்ளைங்களைப் பார்க்க முடியாதுன்னு சொல்லியிருக்காங்க. சொல்லிட்டான்."

"யார் சொன்னா உங்களுக்கு?"

"அவனேதான். ரெண்டாவது வருஷம் அவனையும் பிடிச்சுட்டு வந்து போட்டாங்க. என் கால்ல விழுந்தான். நான் அவன் முகத்துல துப்பினேன். செத்துப்போறவரைக்கும் அவன்கூட நான் பேசல. அங்கேயே காய்ச்சல்ல செத்தான்." பிறகு, "கெட்டவன் இல்ல புள்ள. பிள்ளைங்களுக்காகச் சொன்னான்" என்றான்.

சோறு பொங்கி வழிந்தது. இருசம்மாள் மூடியை எடுத்து வைத்துவிட்டு அவன் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"நான் போய் மாத்திச் சொன்னா உங்களைக் கொண்டுபோவாங்க."

"தெரியும்லா."

"போகச் சொல்றீங்களா?"

அவன் சட்டையைக் கழற்றி மடித்து வைத்தான். "போன்னு சொல்ல எனக்குத் தைரியம் இல்ல" என்றான். "திரும்ப அங்க போறதை நெனச்சாலே தூக்கம் போயிருது. ஆனா போகாதேன்னு உங்கிட்டச் சொல்ல மாட்டேன்."

இரண்டு பேரும் சாப்பிட்டார்கள். சாப்பிட்டதாகப் பெயர்.

காலையில் அவள் ஆலைக்குப் போகிற பஸ்ஸில் ஏறவில்லை. டவுனுக்குள் நடந்து போய், லேபர் ஆபீஸ் திறக்கும்வரை வாசலில் நின்றாள். அதே கிராணி வந்தார். அவள் சொன்னதைக் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"அன்னைக்கு ஏன்மா அப்படிச் சொன்னே?"

"பயங்க."

"இப்ப பயம் போயிருச்சா?"

"இல்லங்க. இப்பவும் பயந்தான்."

அவர் எழுந்து போய் ஆபீசரைக் கூட்டிவந்தார். மத்தியானமே ஆபீசர் சொல்லாமல் கொள்ளாமல் ஆலைக்குப் போனார். மற்றப் பெண்களைத் தனித்தனியாக விசாரித்தார். முதலில் யாரும் பேசவில்லை. இருசம்மாள் சொல்லிவிட்டாள் என்று தெரிந்ததும் ஒருத்தி சொன்னாள், அப்புறம் எல்லாரும் சொன்னார்கள். கடைசியில் சாமிநாதனும் ஒத்துக்கொண்டான். முதலாளி சொல்லித்தான் கழற்றினாயா என்று கேட்டதற்கு, "அவர் சொல்லல. மிஷின் நிக்கக் கூடாதுன்னு மட்டும்தான் சொன்னாரு" என்றான்.

ஆலையை மூடவில்லை. மூடி இல்லாமல் ஓட்டக் கூடாது, சுற்றுக் கீறும்போது மிஷினை நிறுத்த வேண்டும் என்று உத்தரவு வந்தது. அபராதம் கட்டச் சொன்னார்கள். குஞ்சம்மாவுக்கு நஷ்டஈடும் கொடுக்கச் சொன்னார்கள். நைனா முகம்மது மறுபேச்சில்லாமல் கொடுத்தார்.

அவர் இருசம்மாளைக் கூப்பிட்டுப் பேசியது ஒரே ஒரு தடவை. "உன்னை நான் போகச் சொல்லலம்மா. நீ வேலை செய்யலாம். ஆனா தங்கையாவுக்குப் பொறுப்பு சொல்ல இனி என்னால முடியாது. ஸ்டேஷன்ல சொல்லிட்டேன். வேற ஆளைப் பார்த்துக்க."

வேறு ஆளைத் தேடி அவள் அலைந்தாள். கோயில் கமிட்டித் தலைவர் வீட்டுக்குப் போனாள். மருந்துக்கடைக்காரரிடம் கேட்டாள். மஸ்ஜித் தானாவில் மளிகைக் கடை வைத்திருந்த தூரத்து உறவிடம் போனாள். எல்லாரும் உட்காரவைத்துக் காப்பி கொடுத்தார்கள். முகாமிலிருந்து வந்தவனுக்காகக் கையெழுத்துப் போடுவதென்றால் யாருக்கும் கை வரவில்லை.

தங்கையாவை ஒரு நாள் காலையில் வந்து கூட்டிப்போனார்கள். இந்தத் தடவை அவன் சாலையின் மறுபக்கம் போகவில்லை. துணிமூட்டையைக் கட்டி முன்கூட்டியே வாசலில் வைத்திருந்தான். வந்த போலீஸ்காரன் ஒரு மலாய்ப் பையன். தன்மையாகத்தான் பேசினான். தங்கையா ஜீப்பில் ஏறி உட்கார்ந்தான். துணிமூட்டையை மடியில் வைத்துக்கொண்டான். இருசம்மாளைத் திரும்பிப் பார்த்தான். ஜீப் நகர்ந்துவிட்டது.

குஞ்சம்மா ஆஸ்பத்திரியிலிருந்து தெங்கேரா அறைக்கே திரும்பி வந்தாள். போக அவளுக்கு வேறு இடம் இல்லை. இருசம்மாள் நடந்ததை எல்லாம் சொன்னாள். குஞ்சம்மா சுவர்ப் பக்கம் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"முதல்ல சொன்னதும் நீங்கதானே அண்ணி" என்றாள்.

"நான்தான்."

"கட்டில்ல படுத்துக்கிட்டு அந்தக் கிராணிகிட்டக் கத்தினேன். எங்க அண்ணியக் கேளுங்க, அவங்க பார்த்தாங்கன்னு சொன்னேன். கேட்டாச்சு, நீதான் கழட்டினேன்னு அவங்க சொல்றாங்கன்னாரு. கை போனதைவிட அதுதான் வலிச்சுது."

அதன் பிறகு மாதக்கணக்கில் அந்த அறையில் பேச்சு இல்லை. சோறு, தண்ணீர், விளக்கு என்று ஒவ்வொரு வார்த்தை. இருசம்மாள் ஆலைக்குத் திரும்பவில்லை. பாசாரில் மீன் கழுவும் வேலைக்குப் போனாள். குஞ்சம்மா இடது கையால் எல்லாம் செய்யப் பழகினாள். தலை பின்னுவது மட்டும் வரவில்லை. ஒரு நாள் கத்தரிக்கோலை எடுத்துத் தோள் வரைக்கும் வெட்டிக்கொண்டாள்.

முகாமுக்குப் போய்ப் பார்க்க அனுமதி கிடைத்தபோது, "நானும் வர்றேன்" என்று குஞ்சம்மா சொன்னாள். பஸ்ஸில் வேறு இருக்கையில் உட்கார்ந்தாள். மூவார் ஆற்றைப் பஸ்ஸை ஏற்றும் பெரிய படகில் கடந்தபோதும் தள்ளியே நின்றாள்.

முள்வேலிக்கு அந்தப்பக்கம் தங்கையா வந்து நின்றான். இன்னும் மெலிந்திருந்தான். தங்கையின் சட்டைக் கையின் மடிப்பைப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான்.

"வலிக்குதா?"

"மழைக்காலத்துல. இல்லாத விரல் வலிக்குது."

"அண்ணிகூடப் பேசுறியா?"

"இல்ல."

அவன் தலையாட்டினான். பேசு என்று சொல்லவில்லை. "நானும் ஒருத்தன்கிட்டப் பேசாம இருந்தேன்" என்றான். காவல்காரன் நேரம் ஆகிவிட்டது என்றான். தங்கையா மனைவியைப் பார்த்து, "சாப்பிடு புள்ள, எலும்பா இருக்கே" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தான்.

அவசரகாலம் முடிந்தது என்று ரேடியோவில் அறிவித்த பிறகுதான் அவனை விட்டார்கள். முகாமில் பிடித்த இருமலோடு வந்தான். அந்த இருமல் அவனை விடவில்லை. மூட்டை தூக்க முடியாமல் வீட்டிலேயே இருந்தான்.

அதற்குள் குஞ்சம்மா நஷ்டஈட்டைக் கொண்டு பாசார் முனையில் வெற்றிலைக் கடை போட்டிருந்தாள். அண்ணன் வந்த அன்று மாலை கடையைச் சீக்கிரம் கட்டிவிட்டு வந்தாள். மூன்று பேருக்கும் இருசம்மாள் சோறு போட்டாள். குஞ்சம்மா இடது கையால் பிசைந்து சாப்பிட்டாள். பாதியில் நிமிர்ந்து, "குழம்பு இருக்கா அண்ணி?" என்று கேட்டாள். அண்ணி என்ற வார்த்தையை அவள் வாயிலிருந்து கேட்டு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. இருசம்மாள் சட்டியைக் கொண்டுவந்து ஊற்றினாள். தங்கையா இருமிக்கொண்டே சாப்பிட்டான்.